தோட்டத்து வீட்டுக்குத் துப்பாக்கி வேண்டுமா? வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். காங்கேயம், சென்னிமலை, கொடுமுடி, பொங்கலூர் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். போலீஸ் வராது, எங்களை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும், துப்பாக்கி வாங்கலாமா என்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நானும் எங்க வீட்டம்மாவும் தோட்டத்துல தனியா இருக்கறோமுங்க. எனக்கு வயசு 69. பையன் பெங்களூரு, புள்ளைய ஈரோட்டுல குடுத்திருக்கறோம். பக்கத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) நடந்து போகக் கால் மணி நேரம் ஆகும். போன வருசம் கிணத்து மோட்டார் ஒயரை ரெண்டு தடவை அறுத்துட்டுப் போயிட்டானுங்க, ஸ்டேஷன்ல ஒரு ரசீது குடுத்தாங்க, அதோட சரி. சேமலைக்கவுண்டம்பாளையம், சிவகிரின்னு நடந்ததுக்கு அப்புறம் ராத்திரி தூக்கமே இல்லைங்க. போலீசை நம்பி என்னத்துக்குங்க ஆகுது? ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வச்சுக்கிட்டாத் தப்புங்களா?
— ஒரு விவசாயி, காங்கேயம் வட்டம்

பதில்: கேட்பதில் ஒரு தப்பும் இல்லை ஐயா. உங்கள் பயத்தை யாராவது வயசான காலத்துப் பயம் என்று சொன்னால் அவர்களுக்கு நம் பக்கத்து நடப்பு தெரியாது என்று அர்த்தம். 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பேரைக் கொன்றார்கள். மாதக்கணக்கில் யாரும் பிடிபடவில்லை. 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரிப் பக்கம் அதே மாதிரித் தனித் தோட்டத்தில் வயதான கணவன் மனைவி கொலையானது தெரிய வந்தது. அந்த வழக்கில் கைதானவர்களுக்குப் பல்லடத்துக் கொலையிலும் பங்கு இருக்கிறது என்று போலீசே பிறகு சொன்னது. வழக்கு அதன் வழியில் போகட்டும், ஆனால் போலீஸ் சொன்னது சரி என்றால், முதல் வழக்கில் உருப்படியாகத் துப்புத் துலக்கியிருந்தால் சிவகிரித் தம்பதி இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்கள். இதைச் சொல்லாமல் உங்களிடம் போலீசை நம்புங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் நீங்கள் துப்பாக்கி வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். லைசென்ஸ் கிடைக்காது என்பதால் சொல்லவில்லை, கிடைத்தாலும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணியை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி. பேரன் பேத்தி வந்து போகிற வீட்டில் அதைத் தோட்டா போட்டுச் சுவரில் சாய்த்து வைக்க முடியாது, பீரோவில் பூட்டித்தான் வைப்பீர்கள். நாய் குரைக்கிறது, எழுந்திருக்கிறீர்கள், கண்ணாடியைத் தேடுகிறீர்கள், சாவியைத் தேடுகிறீர்கள், துப்பாக்கியை எடுத்துக் குழலை மடக்கி, வேறு இடத்தில் வைத்த தோட்டா இரண்டை எடுத்துச் செருகி, குழலை நிமிர்த்த வேண்டும். வருகிறவன் அதற்கெல்லாம் நேரம் கொடுத்துக் கதவைத் தட்டிக்கொண்டு வருவதில்லை. நாய்க்கு ஏற்கெனவே ஏதாவது போட்டிருப்பான், வாசல் கட்டிலில் படுத்திருக்கிறவரைத் தூக்கத்திலேயே அடிப்பான், இல்லையென்றால் மாட்டுச் சாளையில் சத்தம் கிளப்பி ஆளை வெளியே வரவைப்பான். அதோடு அவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வருவார்கள், வீட்டை நாலைந்து நாள் நோட்டம் விட்டிருப்பார்கள். அந்தத் தோட்டத்தில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால், தெரியாமல் இருக்காது, திருடிக்கொண்டு போக நகையோடு இன்னொரு பொருளும் சேர்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. காசுள்ள நாலு தோட்டக்காரர் துப்பாக்கி வாங்கிவிட்டால் ஸ்டேஷன் மேல் இருக்கிற நெருக்கடி குறைந்துபோகும். அரை ஏக்கர் வைத்திருக்கிறவர், பண்ணையத்தில் ஆளாக வேலை செய்து சாளையிலேயே தங்குகிற குடும்பம், பட்டியில் ஆட்டுக்குக் காவலாகப் படுத்திருக்கிற கிழவர், இவர்கள் துப்பாக்கிக்கு எங்கே போவார்கள்? ராத்திரி ரோந்து வரவேண்டியது அரசாங்கத்தின் வேலை. அந்த வேலையை நம் கைக்காசில் நாம் வாங்கிக்கொண்டால் அவர்கள் கணக்கில் அது முடிந்த விஷயம். போலீசை நம்பாதீர்கள், சரி. நம்பவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள், வேலை வாங்குங்கள்.

எப்படி என்றால், முதலில் அந்த ஒயர் திருட்டு. உங்களுக்குக் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது, புகார் வந்தது என்பதற்கான ஒப்புகைதான், அது எஃப்.ஐ.ஆர். என்கிற முதல் தகவல் அறிக்கை இல்லை. போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரில் ஒயரின் நீளமும் விலையும் கட்டாயம் எழுதுங்கள், பில் இருந்தால் நகல் வையுங்கள். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த சின்னத் திருட்டை கோர்ட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகையில் சேர்த்திருக்கிறார்கள், விலை எழுதாவிட்டால் அந்தப் பக்கம் தள்ளிவிடுவார்கள். போட மறுத்தால் அதே புகாரை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதுவும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். ஒயர்தானே என்று விடக்கூடாது. உங்கள் தோட்டத்துக்குள் ராத்திரி வந்து போக வழி தெரிந்த ஒருவன் வெளியே நடமாடுகிறான்.

அடுத்தது ரோந்து. பீட் போலீஸ் வந்து கையெழுத்துப் போடுகிற பட்டா புத்தகம் உங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கு வைக்கச் சொல்லிக் கேளுங்கள், தனியாக இல்லை, பத்துத் தோட்டக்காரர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டு, உங்கள் ஸ்டேஷனுக்கு அனுமதித்த ஆட்கள் எத்தனை, இப்போது இருப்பது எத்தனை, ராத்திரி ரோந்துக்குப் போவது எத்தனை பேர் என்று கேளுங்கள். 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போங்கள், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். வெறும் கையோடு போய் எங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று சொல்வதற்கும் ஸ்டேஷனில் இத்தனை இடம் காலி என்று அவர்கள் தந்த தாளையே காட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

வீட்டுக்கு: வாசலில் படுக்காதீர்கள், எவ்வளவு வெக்கையாக இருந்தாலும் சரி. முன் திண்ணைக்கு கிரில் போட்டு உள்ளே படுங்கள். நகையை லாக்கரில் வையுங்கள், அம்மாவிடம் ஒரு தாலிக்கொடிக்கு மேல் வீட்டில் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரி சத்தம் கேட்டால் வெளியே போகாமல் உள்ளே இருந்தே லைட்டைப் போடுகிற மாதிரி சுவிட்சைப் படுக்கைப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். ஒரு சைரன், அதன் சத்தம் பக்கத்துச் சாளைக்குக் கேட்கவேண்டும், கேட்டால் அவர்கள் உங்களுக்குப் போன் செய்து, எடுக்காவிட்டால் 112க்குச் சொல்லவேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கிக்கு ஆகிற காசில் இதெல்லாம் முடிந்து மிச்சமும் இருக்கும்.

இதோடு ஒரு வேண்டுகோள். நம் பக்கம் எது நடந்தாலும் வடக்கத்தி ஆட்கள் மேல் முதலில் கை நீள்கிறது. சிவகிரி வழக்கில் கைதானவர்கள் நம் பக்கத்து ஆட்கள். தேங்காய் போட, வேலை கேட்டு என்று வருகிறவர் யாராக இருந்தாலும் பெயரும் போன் நம்பரும் குறித்துக்கொள்ளுங்கள், பாஷையை வைத்து ஆளை எடைபோடாதீர்கள்.

கேள்வி: சரி, நான் வாங்கியே தீருவேன் என்கிறேன். எனக்குக் கொலை மிரட்டல் இருக்கிறது. நடைமுறை என்ன?
— கோழிப்பண்ணை உரிமையாளர், பல்லடம்

பதில்: உங்களுக்கு எழுத்தில் காட்டக்கூடிய மிரட்டல் இருக்கிறது என்றால் விண்ணப்பிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருட ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது முடிந்திருக்க வேண்டும். மாவட்டத்தில் கலெக்டர், கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களுக்குள் போலீஸ் கமிஷனர், இவர்களிடம் விண்ணப்பம் போகும். உடல்நலம், மனநலச் சான்று கேட்பார்கள், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்குச் சான்றும் வேண்டும். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து அறிக்கை போகும், அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மிரட்டல் வந்தபோது நீங்கள் புகார் கொடுத்து எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தீர்களா என்று பார்ப்பார்கள். புகாரே கொடுக்காமல் உயிருக்கு ஆபத்து என்று எழுதினால் நிற்காது. பாருங்கள், போலீசை நம்பாதவருக்கும் துப்பாக்கி போலீஸ் அறிக்கை வழியாகத்தான் வருகிறது.

9 எம்.எம். பிஸ்டல் எல்லாம் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .32 ரிவால்வர், 12 போர் துப்பாக்கி மாதிரியானவை கிடைக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் 5 வருடம் செல்லும். மறுத்தால் பொதுவாகக் காரணம் எழுத்தில் பதிவாக வேண்டும், மேல்முறையீடு உண்டு. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்வார்கள். நடத்தை விதி அமலில் இருக்கிற அத்தனை நாளும் அது உங்கள் வீட்டில் இருக்காது, அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குடகுக்காரங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?
— கல்லூரி மாணவர், கோபி

பதில்: உண்மைதான் தம்பி. குடகின் கொடவர் இனத்தாருக்கும் அங்கே ஜம்மா என்கிற பரம்பரை நில உரிமை உள்ளவர்களுக்கும் லைசென்ஸிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கியது. இப்போதைய மத்திய அரசு உத்தரவு 2029 வரை. அதை எதிர்த்துப் போட்ட வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021ல் ஏற்கவில்லை. ஆனால் அங்கே துப்பாக்கி குலவழக்கத்தோடு சேர்ந்தது, பண்டிகையில் அதை வைத்துப் பூசை செய்கிறார்கள், பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்துச் சுடுகிறார்கள். தனித் தோட்டத்துக் கொலைக்குப் பயந்து வந்த ஏற்பாடு இல்லை அது.

கேள்வி: தோட்டத்தில் திருட வந்தவனை அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் ஜெயிலுக்குப் போகவேண்டுமா?
— சென்னிமலை வாசகர்

பதில்: எப்போது, எதற்காக அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை பிரிவுகள் தற்காப்பு உரிமை பற்றியவை, பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த அதே விஷயம். உங்கள் உயிருக்கோ வீட்டில் இருப்பவர் உயிருக்கோ ஆபத்து, கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாகப் பயப்படுகிற நிலை இருந்தால், வந்தவன் சாகிற அளவுக்குப் போனாலும் சட்டம் உங்களைக் காப்பாற்றும். பொழுது விழுந்து விடிவதற்குள் வீட்டை உடைத்து நுழைகிறவன் விஷயத்திலும் அப்படியே. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக்கூடாது.

கிணற்று மேட்டில் ஒயரை அறுத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பின்னாலிருந்து சுட்டால் அது தற்காப்பு இல்லை, கொலை வழக்காகத்தான் வரும். பிடித்துக் கட்டிவைத்த பிறகு ஊரே சேர்ந்து அடிப்பதும் அப்படித்தான். திருடனுக்கென்றும் பன்றிக்கென்றும் வேலியில் நேராகக் கரண்ட் விடுகிறார்களே, அதை உடனே நிறுத்துங்கள். அதில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் தண்ணி கட்டப் போன ஆளும் செத்துப்போகலாம்.

கேள்வி: காட்டுப் பன்றி மக்காச்சோளத்தைத் தின்கிறது. அதற்காவது துப்பாக்கி கிடைக்குமா?
— அந்தியூர் விவசாயி

பதில்: பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வகை சட்டத்தில் உண்டு. ஆனால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பது பன்றியைச் சுடுவதற்கு அனுமதி ஆகாது, அது வனத்துறை கையில் இருக்கிறது. அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கிற நாட்டு வெடி) வைப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள், வேண்டவே வேண்டாம். மாடு கடித்தாலும் குழந்தை எடுத்தாலும் அது வெடிக்கும்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறான். வேலை விசா. ஒரு மூன்று வயதுக் குழந்தை. இங்கே கூப்பிட்டால் போலீஸ் வர நேரமாகும், அவர்கள் வந்தாலும் நம்ப முடியாது என்று கைத்துப்பாக்கி வாங்கப்போகிறேன் என்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, முதலில் சட்டம். வேலை விசாவில் இருக்கிறவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது மாதிரி சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் கதை வேறு. ஊர்க்காரர் வைத்திருக்கிறார்கள் என்று இவரும் வாங்கிவிட்டால் விசாவோடு போகாது, வழக்கே வரும். ஒரு வக்கீலைக் கேட்காமல் கடைப் பக்கம் போகவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள்.

மகன் சொல்வதை வெறும் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அங்கே துப்பாக்கி வைத்திருக்கிறவர்களில் 72 சதவீதம் பேர் பாதுகாப்புதான் முக்கியக் காரணம் என்று பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில் சொன்னார்கள். கொலராடோவில் ஒரு தாய், பிரிந்துபோன கணவனிடமிருந்து கோர்ட் பாதுகாப்பு உத்தரவு வாங்கி வைத்திருந்தும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று போலீசைத் திரும்பத் திரும்பக் கேட்டும் அவர்கள் அசையவில்லை, மூன்று பெண் குழந்தைகளும் செத்துப்போனார்கள். அந்த உத்தரவைப் போலீஸ் செயல்படுத்தியே தீரவேண்டும் என்று கேட்க அவருக்கு அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 2005ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. டெக்சாஸிலேயே யுவால்டி ஊர்ப் பள்ளியில் 2022 மே மாதம் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டபோது, நூற்றுக்கணக்கான போலீசார் வந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்பறைக்குள் போகவில்லை. இதைப் பார்த்த பிறகு ஒருவனுக்கு நம்பிக்கை போனால் அது அவன் குற்றம் இல்லை.

ஆனால் யுவால்டியில் வந்தவன் கையில் இருந்ததும் கடையில் சட்டப்படி வாங்கிய துப்பாக்கிதான். 2021ல் அந்த நாட்டில் துப்பாக்கியால் 48,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பாதிக்கு மேல் தற்கொலை. வெளியிலிருந்து வருகிறவனுக்காக வாங்கி வைத்தது வீட்டுக்குள் இருக்கிறவர் மேலேயே திரும்புகிறது. வேலை போய், விசா நெருக்கி, ராத்திரி தூக்கம் வராத ஒரு நேரம் யாருக்கும் வரலாம், அந்த நேரத்தில் அது கை எட்டுகிற தூரத்தில் இருக்கக்கூடாது. பேத்தியோ பேரனோ, மூன்று வயதில் இழுப்பறையைத் திறக்காத குழந்தை எங்கே இருக்கிறது? தோட்டா போட்ட துப்பாக்கியைப் பத்திரப்படுத்தாமல் வைத்து, அது குழந்தை கைக்குப் போய்விட்டால் டெக்சாஸ் சட்டத்திலேயே குற்றம். மருமகளிடமும் பேசுங்கள், அந்த வீட்டில் அவள் என்ன நினைக்கிறாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

கேள்வி: போலீஸ், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் எதன் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. மனு கொடு, கேஸ் போடு என்று நீங்கள் சொல்வதெல்லாம் யாருக்காவது பலித்திருக்கிறதா?
— தறி ஓட்டுகிறவர், ஈரோடு

பதில்: பலித்திருக்கிறது, ஆனால் கொடுமையான அளவுக்குத் தாமதமாக. நமக்குப் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்தில் வாச்சாத்தி. 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் சேர்ந்து சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று மலைவாழ் மக்கள் ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்த ஊர்க்காரர்களைவிட அரசாங்கத்தை நம்பாமல் இருக்க அதிகக் காரணம் உள்ளவர்கள் யார்? அவர்கள் விடவில்லை. சங்கமாகச் சேர்ந்து, கட்சிக்காரர்களையும் வக்கீல்களையும் கூட்டிக்கொண்டு, சி.பி.ஐ. விசாரணை வரை கொண்டுபோனார்கள். 269 பேர் மேல் வழக்கு, இடையில் 54 பேர் இறந்துவிட, மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011ல் தீர்ப்பு. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அதிகாரி மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 31 வருடம். அந்தத் தாமதத்தை நியாயப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அரசாங்க ஆட்கள் 215 பேரைக் கூண்டில் நிறுத்தித் தண்டனை வாங்கிக் கொடுத்தது எந்த ஆயுதமும் இல்லாத அந்த மலைக் கிராமம்தான். அன்றைக்கு அவர்கள் கையில் நாட்டுத் துப்பாக்கி இருந்து ஒருவர் சுட்டிருந்தால், வீரப்பன் ஆட்கள் என்று முத்திரை குத்தி அந்த வழக்கையே அன்றைக்கு மூடியிருப்பார்கள்.

கேள்வி: எங்க அப்புச்சி வெச்சிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கி மச்சுல கெடக்குதுங்க. அவர் தவறி நாலு வருசம் ஆச்சு, லைசென்ஸ் யார் பேருக்கும் மாத்தலை. என்ன பண்றதுங்க?
— தாராபுரம் வாசகி

பதில்: உங்கள் வீட்டில் இப்போது இருப்பது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி அம்மிணி, அது தண்டனைக்குரிய குற்றம். பயந்து கிணற்றில் போடுவது, தெரிந்தவருக்குக் கொடுப்பது எதுவும் வேண்டாம். பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வையுங்கள். மச்சிலிருந்து நீங்களே இறக்காதீர்கள், உள்ளே தோட்டா இருக்கலாம். முதலில் புத்தகத்தோடு ஸ்டேஷனுக்குப் போய் எழுத்தில் தகவல் சொல்லி, அவர்கள் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அல்லது லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில் வைக்க ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்காமல் திரும்பி வராதீர்கள், அதில் துப்பாக்கியில் வெட்டியிருக்கிற நம்பர் இருக்கவேண்டும். பிறகு வாரிசு பெயரில் லைசென்ஸ் கேட்பதா, விற்பதா என்று மாமன்மாரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு போனால் ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள், அதனால் இந்த வாரமே போங்கள்.